பைபாஸ் முடிந்த முதல் இரவு: நெஞ்சு ட்ரெய்னில் வரும் ரத்தம் திடீரென்று குறைந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மெடிக்கல் ஐசியூவிலிருந்து இதய அறுவை சிகிச்சை ஐசியூவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். வென்டிலேட்டர், இனோட்ரோப், ஆர்ட்டீரியல் லைன் எல்லாம் பழக்கம்தான். நெஞ்சுக்குள் கசியும் ரத்தத்தை வெளியேற்றும் குழாயான ட்ரெய்ன்தான் குழப்புகிறது.

பைபாஸ் முடிந்து தியேட்டரிலிருந்து வருபவர்களுக்கு மீடியாஸ்டைனல் (இதயத்தைச் சுற்றிய நடுநெஞ்சு) ட்ரெய்ன் ஒன்றோ இரண்டோ இருக்கும், பெரும்பாலும் இடது ப்ளூராவிலும் (நுரையீரல் உறை) ஒன்று. மணிக்கு 130, 110 மி.லி. என்று வந்துகொண்டிருந்தது அடுத்த மணியில் 15 ஆகிவிட்டால், கசிவு அடங்கிவிட்டது என்று சார்ட்டில் எழுதலாமா, சர்ஜனைக் கூப்பிட வேண்டுமா? எவ்வளவு வந்தால் அதிகம் என்று எடுத்துக்கொள்வது? அடைப்பு நீங்கக் குழாயைப் பிசைந்து மில்க் பண்ணச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தொடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்பதோடு ஏன் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நான்காம்_விலா

சிஸ்டர், நீங்கள் கேட்டதில் முக்கியமானது அந்த 15 மி.லி.தான். அதிகமாக வரும் ரத்தம் எல்லார் கண்ணிலும் படும். வராமல் நின்ற ரத்தம்தான் கண்ணில் படாமல் ஆளைக் கொண்டுபோய்விடும்.

குறைவதில் இரண்டு விதம் உண்டு. 130, 100, 70, 50, 30 என்று படிப்படியாக இறங்கி, நிறமும் வெளுத்து, பிபி நிலையாக, சிறுநீர் தாராளமாக, பாதம் கதகதப்பாக இருந்தால் கசிவு அடங்குகிறது என்று தைரியமாக எழுதலாம். 110-லிருந்து ஒரே மணியில் 15-க்கு விழுந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை குழாய் அடைத்துக்கொண்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உள்ளே கசிந்துகொண்டிருக்கும், வெளியேற வழி மட்டும் அடைபட்டிருக்கும். அப்படித் தேங்கும் ரத்தமும் கட்டியும் இதயத்தை அழுத்துவதுதான் டாம்பனாட். அறுவையில் பெரிகார்டியத்தை (இதய உறையை) மூடாமல் விட்டிருந்தாலும் இது வரும்.

முதலில் போர்வையை விலக்கி, குழாயைத் தோலிலிருந்து பாட்டில்வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். நோயாளியின் இடுப்புக்கு அடியில் நசுங்கியிருக்கலாம், பெட் ரெயிலில் மடங்கியிருக்கலாம். இன்னும் அடிக்கடி நடப்பது, குழாய் கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே தொங்கி வளைந்து, அந்த வளைவில் ரத்தம் நிற்பது. அந்த ரத்தத் தம்பமே எதிரழுத்தம் கொடுத்து மேலிருந்து வருவதைத் தடுக்கும். குழாயைப் படுக்கையில் கிடையாக ஓட்டி, அங்கிருந்து நேராகப் பாட்டிலுக்கு இறக்குங்கள்.

அடுத்தது மானிட்டர். ஒரு எண்ணைப் பார்க்காதீர்கள், கடைசி இரண்டு மணி நேரம் எல்லா எண்ணும் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். சிவிபி (மைய சிரை அழுத்தம்) 8, 11, 15 என்று ஏறும். பிபி 118/66 இருந்தது 104/70 ஆகி 92/74 ஆகும். சிஸ்டாலிக் இறங்கி டயஸ்டாலிக் இறங்காமல் நிற்பதைக் கவனியுங்கள், இரண்டுக்குமான இடைவெளி சுருங்குவது பெரிய தடயம். சிறுநீர் மணிக்கு 80-லிருந்து 20-க்கு வரும். நார்அட்ரினலின் ஏறிக்கொண்டே போகும், லாக்டேட் கூடும், முழங்கால்வரை சில்லிட்டிருக்கும். பேஸ்மேக்கர் ரேட்டில் ஓடுபவருக்கு இதயத்துடிப்பு ஏறவே ஏறாது, ஆகவே ‘டாக்கிகார்டியா இல்லையே’ என்று சமாதானம் ஆகிவிடக் கூடாது.

சிவிபி ஏறவில்லை என்பதாலும் டாம்பனாட் இல்லை என்று ஆகாது. ரத்தக்கட்டி ஏட்ரியத்துக்கு (இதய மேலறைக்கு) பின்னால் ஓரிடத்தில் மட்டும் உட்கார்ந்து அழுத்தலாம். நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் அது தெரியாமல் போகும், உணவுக்குழாய் வழி எக்கோவில்தான் பிடிபடும். எக்கோ நார்மல் என்ற ஒரே காரணத்துக்காகச் சர்ஜனைக் கூப்பிடாமல் இருக்க வேண்டாம்.

இந்த எண்களை நம்புவதற்கு முன், அழுத்தத்தை அளக்கும் ட்ரான்ஸ்ட்யூசர் இருக்கும் உயரத்தைப் பாருங்கள். நான்காவது விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் இடம்தான் அதன் மட்டம். ஸ்டாண்டில் மாட்டிய ட்ரான்ஸ்ட்யூசரை நகர்த்தாமல் கட்டிலை 10 செ.மீ. உயர்த்தினால் சிவிபி சுமார் 7 கூடுதலாகக் காட்டும். தலைமாட்டை 30 டிகிரி தூக்கிய பிறகும் மட்டத்தைச் சரிசெய்து ஜீரோ பண்ணுங்கள்.

மில்க்கிங் பற்றி. ஒரு கையால் குழாயைப் பிடித்து, மற்றொரு கையால் அழுத்தியபடியே நெடுக உருவுவது ஸ்ட்ரிப்பிங். அது குழாய்க்குள் மைனஸ் 400 செ.மீ. நீர் அளவுக்குக்கூட உறிஞ்சும் விசையை உண்டாக்குவதாக அளந்திருக்கிறார்கள். நாம் வைக்கும் சக்‌ஷனே மைனஸ் 20தான். கிராஃப்ட் (பைபாஸுக்காகத் தைத்த ரத்தக்குழாய்) பக்கத்திலேயே குழாய் முனை இருக்கும்போது அந்த விசை எங்கே போய்ச் சேரும் என்று யோசியுங்கள். ஆகவே வழக்கமான வேலையாக ஸ்ட்ரிப்பிங் கூடவே கூடாது. கட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் குழாயை விரல்களால் அழுத்தி விடுவது, மெதுவாகப் பிசைந்து கட்டியைக் கீழே நகர்த்துவது, இது போதும், இதைச் செய்யலாம். இரண்டு முறைக்கும் ஒரே பெயரைச் சொல்வதால்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

சக்‌ஷனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 20 செ.மீ. நீர் என்பது ஏறக்குறைய 15 மி.மீ. பாதரசம். சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் பாதரசக் கணக்கில் இருந்து, அதில் 100 வைத்து, உறிஞ்சும் விசையைக் கட்டுப்படுத்தும் அறையும் இல்லாத பாட்டிலாக இருந்தால் நோயாளிக்குப் போவது ஆறு மடங்குக்கும் மேல். நெஞ்சு ட்ரெய்னுக்கென்று இருக்கும் லோ பிரஷர் ரெகுலேட்டர்தானா என்று பாருங்கள். சக்‌ஷனை நிறுத்தினால் சுவரிலிருந்து வரும் உறிஞ்சு குழாயைப் பாட்டிலிலிருந்து கழற்றிவிடுங்கள். வெறுமே ஆஃப் பண்ணிவிட்டு மாட்டியே வைத்தால் காற்றுப்போக்கி அடைபட்டு, நுரையீரல் கசிவு இருப்பவருக்கு டென்ஷன் நியூமோதொராக்ஸ் (நெஞ்சுக்குள் காற்று சேர்ந்து அழுத்துவது) வரும். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று நகர்த்தும்போது ட்ரெய்னைக் க்ளாம்ப் பண்ணக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பதில் 2: இரவு_இன்சார்ஜ்

மேலே சொன்னதோடு, ‘எவ்வளவு வந்தால் அதிகம்’ என்பதற்கு என் பங்கு.

மீண்டும் தியேட்டருக்கு எடுத்துப்போக வேண்டும் என்று சர்ஜன்கள் காலங்காலமாக வைத்திருக்கும் அளவு, பெரியவர்களுக்கு: முதல் ஒரு மணி நேரத்தில் 500 மி.லி.க்கு மேல், அல்லது தொடர்ந்து 2 மணி நேரம் மணிக்கு 400-க்கு மேல், அல்லது தொடர்ந்து 3 மணி நேரம் 300-க்கு மேல், அல்லது 4 மணி நேரத்தில் மொத்தம் ஒரு லிட்டருக்கு மேல். இது அவர்கள் முடிவெடுக்கும் கோடு. நாம் போன் போட வேண்டிய கோடு இதற்கு வெகு முன்னால். மணிக்கு 200 மி.லி.யைத் தொட்டாலே சொல்லிவிடுங்கள். 45 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 100 மி.லி.யே கவலைப்பட வேண்டிய அளவு, ஆகவே கிலோவுக்கு 2 மி.லி. என்று கணக்கு வைப்பது நல்லது. முதல் சில மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். மணிக்கணக்கில் மட்டும் பார்த்தால் 45 நிமிடம் தாமதமாகத்தான் தெரியவரும்.

ஒரு விதிவிலக்கு. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் ஒரே மூச்சில் 150, 200 மி.லி. கொட்டும். கருஞ்சிவப்பாக இருந்து, சில நிமிடத்தில் நின்று, பிபியும் மாறாமல் இருந்தால் அது ப்ளூராவில் தேங்கியிருந்த பழைய ரத்தம். பளிச்சென்ற சிவப்பில், குழாயைத் தொட்டால் சூடாக, திரும்பிப் படுத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் புது ரத்தம். தாமதிக்காதீர்கள்.

கசிவு ஏன் வருகிறது என்று தெரிந்தால் சர்ஜன் வருவதற்குள் பாதி வேலையை நாமே முடிக்கலாம். உடல் வெப்பம் 36-க்குக் கீழே இருந்தால் ரத்தம் சரியாக உறையாது. வார்ம் ஏர் போர்வை போடுங்கள், கொடுக்கும் ரத்தத்தையும் வார்மர் வழியாக ஏற்றுங்கள். அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் கூடுவது) இருந்தாலும் சரியாக உறையாது. ரத்தமும் ப்ளாஸ்மாவும் நிறைய ஏறும்போது சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஏபிஜியில் (தமனி ரத்தப் பரிசோதனை) அயனைஸ்டு கால்சியம் 1.1-க்குக் கீழே போனால் சொல்லுங்கள். பிபி 160-க்கு எகிறினால் தையல் போட்ட இடத்தில் கசியும். மயக்கம் தெளியும்போதும் சக்‌ஷன் பண்ணும்போதும் வலியில் எகிறுவது வழக்கம், முன்கூட்டியே வலி மருந்து கொடுத்துவிடுங்கள். சிஸ்டாலிக் எதற்கு மேல் போகக் கூடாது என்று ஹேண்ட் ஓவரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கு ரீபவுண்ட் என்று ஒன்று உண்டு. தியேட்டரில் அதை முறிக்கும் ப்ரோட்டமின் கொடுத்து ஏசிடி (ரத்தம் உறையும் நேரம்) நார்மல் ஆன பிறகும், சில மணி நேரம் கழித்துத் திசுக்களில் இருந்த ஹெப்பாரின் ரத்தத்துக்குத் திரும்பும். அப்போது மறுபடி கொஞ்சம் ப்ரோட்டமின் எழுதுவார்கள். அதை மெதுவாகத்தான் போட வேண்டும், வேகமாகத் தள்ளினால் பிபி சரேலென்று விழும். ஏபிடிடி (ரத்தம் உறையும் பரிசோதனை) சாம்பிளை ஹெப்பாரின் ஃப்ளஷ் ஓடும் ஆர்ட்டீரியல் லைனில் எடுத்தால், முதலில் வரும் ரத்தத்தைப் போதுமான அளவு ஒதுக்கிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் ஏபிடிடி பொய்யாக நீண்டு வந்து, தேவையில்லாத ப்ளாஸ்மா ஏறும்.

சூடாக்கும்போது ஒன்றை எதிர்பார்த்து இருங்கள். 35-லிருந்து 37-க்கு வரும்போது ரத்தக்குழாய்கள் விரிந்து பிபியும் சிவிபியும் சேர்ந்து இறங்கும். ஃப்ளூயிட் கொடுத்தால் ஏறிவிடும். டாம்பனாட்டில் பிபி இறங்க சிவிபி ஏறும். திசைதான் வித்தியாசம்.

பொட்டாசியம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பைபாஸுக்குப் பின் முதல் சில மணி நேரம் சிறுநீர் மணிக்கு 300, 400 என்று கொட்டும். அதோடு பொட்டாசியமும் மக்னீசியமும் போய்விடும், எக்டோபிக் (ஒழுங்கு தவறிய துடிப்பு) வரிசையாக வர ஆரம்பிக்கும். பொட்டாசியத்தை 4-க்கு மேல் வைக்கச் சொல்வார்கள். 10 மி.லி. கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஆம்ப்யூலில் 20 எம்.ஈக்யூ இருக்கிறது. அதை 100 மி.லி. சலைனில் கலந்து, சென்ட்ரல் லைனில், பம்ப் வழியாக ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேகம் கூடாது, ஆம்ப்யூலிலிருந்து நேராக ஒருபோதும் தள்ளக் கூடாது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலுக்குள் கேசிஎல்லை ஊசியால் செலுத்தினால் கனமான மருந்து அடியில் தங்கி முதலில் அதுதான் போகும். கழற்றி, தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் கலந்த பிறகே மாட்டுங்கள். நார்அட்ரினலின் ஓடும் லூமெனில் (சென்ட்ரல் லைனின் தனி வழி) இதையோ வேறு மருந்தையோ கொடுக்காதீர்கள், குழாயில் இருக்கும் நார்அட்ரினலின் மொத்தமாக உள்ளே போய் பிபி 200-ஐத் தொடும்.

வைகைக்கரை

மிக்க நன்றி. திசை பற்றிச் சொன்னது நன்றாகப் புரிந்தது. இன்னும் ஒன்று. டாம்பனாட்டிலோ விஎஃபிலோ (இதயக் கீழறை ஒழுங்கின்றி நடுங்குவது) அரெஸ்ட் ஆனால், இப்போதுதான் கம்பி போட்டுக் கட்டிய ஸ்டெர்னத்தின் (மார்பெலும்பின்) மேல் சிபிஆர் கொடுக்கலாமா? மெடிக்கல் ஐசியூவில் பழகிய ஏசிஎல்எஸ் (வழக்கமான இதய உயிர்மீட்பு) முறையே இங்கும் பொருந்துமா?

பதில் 3: கிராஷ்_ட்ராலி

அப்படியே பொருந்தாதுங்க. இதய அறுவைக்குப் பிறகு ஐசியூவில் வர்ற அரெஸ்ட்டுக்குத் தனி நெறிமுறை இருக்கு. ஐரோப்பிய இதய அறுவை சங்கம் 2009-ல வெளியிட்டது, அமெரிக்க சங்கம் 2017-ல அதே வழியில் வெளியிட்டது. உங்க யூனிட் எதைப் பின்பற்றுதுன்னு முதல்ல கேட்டு வைங்க, ஏன்னா ராத்திரி அந்த நேரத்துல விவாதம் பண்ண முடியாது.

விஎஃப், பல்ஸ் இல்லாத விடி (கீழறையோட அதிவேகத் துடிப்பு)ன்னா, டிஃபிப்ரிலேட்டர் கையெட்டும் தூரத்துல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள ஷாக் கொடுக்க முடியும்னா, கம்ப்ரெஷனுக்கு முன்னாடியே அடுத்தடுத்து மூணு ஷாக். அதுல திரும்பலைன்னா கம்ப்ரெஷன், 300 மி.கி. அமியோடரோன், நெஞ்சைத் திறக்கத் தயாராகணும். அசிஸ்டோல் (துடிப்பே இல்லாதது), கடுமையான ப்ராடி (ரொம்ப மெதுவான துடிப்பு)ன்னா, இதயத்தைத் துடிக்க வைக்கற பேசிங் வயர் இருந்தா அதை மாட்டி, நிமிஷத்துக்கு 90, அவுட்புட் உச்சத்துல வைங்க. அதையும் ஒரு நிமிஷத்துக்குள்ள செஞ்சு முடிக்கணும், பலிக்கலைன்னா கம்ப்ரெஷன். துடிப்பு மானிட்டர்ல ஓடுது, ஆர்ட் லைன் தட்டையா இருக்குன்னா அது பிஇஏ (மின்துடிப்பு இருக்கு, பல்ஸ் இல்லை), உடனே கம்ப்ரெஷன். பேசிங் ஓடிக்கிட்டிருந்தா ஒரு கணம் நிறுத்திப் பாருங்க, பேசிங் ஸ்பைக்குக்குப் பின்னாடி விஎஃப் ஒளிஞ்சிருக்கலாம்.

கம்ப்ரெஷன் கொடுக்கத் தயங்கவே கூடாது. முன்னாடி ஷாக்கையும் பேசிங்கையும் முயற்சி பண்றது, புதுத் தையலையும் கிராஃப்ட்டையும் காப்பாத்தத்தான். ஆனா அந்த ஒரு நிமிஷம் தாண்டினா மூளைதான் முக்கியம். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120, ஆர்ட் லைன்ல சிஸ்டாலிக் 60-க்கு மேல வருதான்னு பாருங்க. நல்லா அழுத்தியும் 60 வரலைன்னா உள்ளே ரத்தம் இல்லை, இல்லாட்டி இதயம் அழுந்திக் கிடக்குன்னு அர்த்தம். அப்போ எவ்வளவு அழுத்தினாலும் பலன் இல்லை, நெஞ்சைத் திறந்தாகணும். 5 நிமிஷத்துக்குள்ள திறக்கணும்ங்கறதுதான் இலக்கு.

பழகின கைக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம், 1 மி.கி. அட்ரினலின் வழக்கமா கொடுக்கக் கூடாதுங்கறது. ஷாக்ல இதயம் திரும்பினதும் அந்த அட்ரினலின் பிபியை 250-க்குத் தூக்கி, அயோர்ட்டா தையலைப் பிளந்துடும். சீனியர் டாக்டர் சொன்னா மட்டும்தான், அதுவும் குறைஞ்ச அளவு. ஓடிக்கிட்டிருக்கற இன்ஃப்யூஷன்களையும் நிறுத்தி, எதைத் திரும்பப் போடணும்னு கேளுங்க. இன்னொருத்தர் வென்டிலேட்டரைக் கழட்டி 100 சதவீத ஆக்சிஜன்ல பேக் பண்ணி, ட்யூப் இடத்துல இருக்கா, ரெண்டு பக்கமும் காத்து போகுதான்னு பார்க்கணும்.

திறக்கற செட் கட்டிலுக்குப் பக்கத்துல சீல் பிரியாம இருக்கணும். அவசரத்துக்குன்னே ஒரு சின்ன செட் தனியா வைங்க: ஸ்கால்பெல், வயர் கட்டர், நீடில் ஹோல்டர் மாதிரி வலுவான ஒண்ணு, ஸ்டெர்னல் ரிட்ராக்டர், உறிஞ்சு குழாய். 40 கருவி இருக்கற பெரிய செட்டைப் பிரிச்சு வயர் கட்டரைத் தேடறதுலயே நேரம் ஓடிடும். வயர் கட்டர் வாய் மழுங்காம வெட்டுதான்னு சோதிச்சு வைக்கச் சொல்லி சிஎஸ்எஸ்டிக்கு (கருவிகளைக் கிருமி நீக்கற பிரிவு) சொல்லுங்க.

இது முதல் 10 நாள்வரைக்கும், சர்ஜிக்கல் டீம் கையெட்டும் தூரத்துல இருக்கற ஐசியூவுக்கு. நெஞ்சைத் திறக்க வசதியில்லாத வார்டுல வழக்கமான ஏசிஎல்எஸ்தான்.

பதில் 4: ஸ்டெப்டவுன்_வார்டு

முதல் இரவைப் பற்றி எல்லாம் வந்துவிட்டது. டாம்பனாட் அதோடு முடிந்துவிடுவதில்லை என்பதால் ட்ரெய்னும் பேசிங் வயரும் எடுக்கும் கட்டத்தைச் சேர்க்கிறேன்.

ட்ரெய்ன் பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்தில் எடுப்பார்கள். கடைசி 8 மணி நேரத்தில் 100 மி.லி.க்குக் கீழே, தெளிந்த நிறத்தில், பாட்டிலில் குமிழி இல்லாமல் இருக்க வேண்டும். இருமச் சொல்லி, அப்போதும் குமிழி வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு எடுங்கள். வலி மருந்தில் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை வேண்டாம், பைபாஸ் முடிந்தவர்களுக்கு அவை விலக்கப்பட்டவை. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழாயை ஒரே சீராக இழுக்க, மற்றவர் அதே கணத்தில் தயாராக இருக்கும் தையலை இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி அந்த நேரத்தில் எடுத்தால் காற்று உள்ளே போகாது. பிறகு எக்ஸ்ரே.

பேசிங் வயர்தான் அசட்டையாகக் கையாளப்படுகிறது. பயன்பாட்டில் இல்லாதபோது நுனியை ஒவ்வொன்றாக ரப்பர் கையுறையின் விரலுக்குள் சொருகி ஒட்டி வையுங்கள். அந்த நுனி இதயத் தசையில் நேராகத் தைத்த கம்பி, நம் கையிலிருந்து தாவும் சிறு நிலைமின்சாரம்கூட விஎஃபைத் தூண்டக்கூடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வழக்கப்படி ஸ்டெர்னத்துக்கு வலப்பக்கம் வெளிவருவது ஏட்ரியல், இடப்பக்கம் வென்ட்ரிக்குலர். ஆனாலும் ஆபரேஷன் நோட்டில் சரிபாருங்கள்.

வயரை எடுப்பதற்கு முன் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் அளவு), ப்ளேட்லெட் பாருங்கள், ஹெப்பாரின் ஓடினால் எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். சர்ஜனும் எக்கோவும் கிடைக்கும் காலை நேரத்தில் எடுங்கள், மாலையில் வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் வேண்டாம். மென்மையாக, சீராக இழுக்க வேண்டும். தடுத்தால் வலிந்து இழுக்காமல் சர்ஜனிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு மணி நேரம் படுக்கையில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி, பல்ஸ். அந்த நேரத்தில் வியர்த்து, ‘என்னவோ பண்ணுது சிஸ்டர்’ என்று சொன்னால் காஸ் ட்ரபிள் என்று ஆன்டாசிட் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். உட்கார வைத்துக் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிபி எடுங்கள், எக்கோவுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள் பல்ஸ் திடீரென்று 130, 140 என்று ஒழுங்கில்லாமல் ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பைபாஸ் ஆனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருவது. பிபி பார்த்து, 12 லீட் எடுத்து, பொட்டாசியம் அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். முன்பு சாப்பிட்ட பீட்டா ப்ளாக்கரைத் திரும்ப ஆரம்பித்தார்களா என்றும் பாருங்கள், ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாறும்போது விட்டுப்போகும் மருந்து பெரும்பாலும் அதுதான்.

ஸ்டெர்னம் பற்றி நோயாளியிடம் ‘கனம் தூக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்னால் அவர் அரிசி மூட்டையைத்தான் நினைப்பார். முதல் 6 முதல் 8 வாரத்துக்கு 5 கிலோ என்பது எல்லை. நிறைகுடம் 12 கிலோவுக்கு மேல், இரண்டு வயதுப் பேரக்குழந்தை ஏறக்குறைய அவ்வளவு. இதைப் பெயர் சொல்லியே சொல்ல வேண்டும். டூவீலர் ஓட்டவும் கூடாது, பின்னால் கம்பியைப் பிடித்து உட்காரவும் கூடாது. இந்தியன் டாய்லெட்டிலிருந்து ஒரு கையை ஊன்றி எழுந்தால் எலும்பின் இரு பாதியும் எதிரெதிரே இழுபடும். வீட்டில் வெஸ்டர்ன் இல்லையென்றால் கமோட் நாற்காலி வாங்கி வைக்க டிஸ்சார்ஜுக்கு முன்பே சொல்லுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்தை முதலிலேயே ஆரம்பியுங்கள். இருமும்போது மடித்த போர்வையை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பழக்குங்கள். ஸ்பைரோமீட்டரை விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் 10 முறை, ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்ச வேண்டும். பாதிப்பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ட்ரெஸ்ஸிங் மாற்றும்போது உள்ளங்கையைத் தழும்பின் மேல் லேசாக வைத்து இருமச் சொல்லுங்கள். ‘கிளிக்’ என்று உணர்ந்தாலோ, அடிப்பகுதியில் இளஞ்சிவப்பு நீர் கசிந்தாலோ, காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே சர்ஜன் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் பருமனானவருக்கும் இது இரட்டிப்புக் கவனம். மார்பகம் பெரிதாக உள்ள பெண்களுக்குத் தையலின் கீழ்முனை எடையால் இழுபட்டுப் பிரியும், முன்பக்கம் கொக்கி வைத்த பருத்தி ப்ரா ஐசியூவிலிருந்து வந்த அன்றே போட வேண்டும். கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆகவே நாமே உறவுக்காரப் பெண்களிடம் சொல்லி வாங்கி வரச் செய்யலாம்.